சர்வதேச அமைப்புகள் தவறு செய்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஐ.நா. சபை, உலக வங்கி போன்ற சர்வதேச அமைப்புகளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அவற்றின் மீது வழக்குத் தொடுக்க முடியுமா, இல்லை அவை சட்டத்துக்கு மேற்பட்டவையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு நாட்டின் நீதிமன்றம் அத்தகைய அமைப்பை விசாரணைக்கு இழுக்க முடியுமா என்பது ஒன்று. இழுக்க முடியாத நிலையிலும், செய்த தீங்குக்கு ஈடு செய்யும் கடமை அந்த அமைப்புக்கு உண்டா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "முடியாது" என்றும், இரண்டாவதற்கு "உண்டு" என்றும் பதில் சொல்ல வேண்டும். சட்டக் கல்லூரியில் சர்வதேசச் சட்டம் கற்பித்த ஆண்டுகளிலும், இத்தகைய அமைப்புகளில் வேலை பார்த்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஆலோசனை சொன்ன ஆண்டுகளிலும் நான் கண்டது, இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டு தவிக்கும் மனிதர்களைத்தான். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விலக்குரிமை, அதாவது நீதிமன்ற நடவடிக்கைக்கு உட்படாமல் இருக்கும் உரிமை, எங்கிருந்து வருகிறது என்பதில் ஐயமே இல்லை. 1945-இல் உருவான ஐ.நா. சாசனத்தின் 105-ஆம் உறுப்பு, அமைப்பு தன் நோக்கங்களை நிறைவேற்றத் தேவையான சிறப்புரிமைகளும் விலக்குரிமைகளும் அதற்கு உறுப்பு நாடுகளில் உண்டு என்கிறது. அதை விரித்து 1946-இல் ஒரு உடன்படிக்கை செய்யப்பட்டது. இந்தியா அதற்கு உள்நாட்டில் உயிர் கொடுக்க 1947-இலேயே தனிச் சட்டம் இயற்றியது. உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவின்படி, ஐ.நா. தானாக முன்வந்து விலக்குரிமையைக் கைவிட்டால் தவிர, எந்த வகையான சட்ட நடவடிக்கையும் அதன் மீது செல்லாது. இதற்கான காரணம் எளிமையானது, நியாயமானதும்கூட. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பை, அது அலுவலகம் வைத்திருக்கும் ஒரே நாட்டின் நீதிமன்றமோ அரசோ தன் விருப்பத்துக்கு வளைத்துவிடக் கூடாது. ஆனால் அதே உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவைப் பலரும் படிப்பதில்லை. ஒப்பந்தங்களிலிருந்து எழும் தகராறுகளையும், தனியார் சட்டத் தன்மை கொண்ட பிற தகராறுகளையும் தீர்ப்பதற்கு உரிய வழிமுறைகளை ஐ.நா. ஏற்படுத்தித் தர வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. உலகின் நீதிமன்றக் கதவுகளை எனக்கு எதிராக மூடுங்கள், நான் வேறொரு கதவைத் திறந்து வைக்கிறேன் என்பதே அந்த உடன்படிக்கையின் ஏற்பாடு. முதல் பாதி முழுமையாக நிறைவேறியது. இரண்டாம் பாதி இன்னும் அரைகுறையாகவே கிடக்கிறது.

விலக்குரிமைக்கும் பொறுப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன வழக்கு, தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியது. மலேசியத் தமிழ் வழக்கறிஞர் பரம் குமாரசாமி, நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரம் பற்றி ஆராயும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக 1994-இல் நியமிக்கப்பட்டார். மலேசிய நீதித்துறையைப் பற்றி அவர் ஒரு பத்திரிகைக்கு அளித்த பேட்டிக்காக, அந்நாட்டு நிறுவனங்கள் பல கோடி ரிங்கிட் கேட்டு அவர் மீது அவதூறு வழக்குகள் தொடுத்தன. அவர் ஐ.நா. பணியில்தான் பேசினார் என்று அப்போதைய பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் சான்றளித்தும் மலேசிய நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 1999 ஏப்ரல் 29 அன்று சர்வதேச நீதிமன்றம் 14-க்கு 1 என்ற கணக்கில் அவருக்கு விலக்குரிமை உண்டு என்று கருத்துரைத்தது. அதன் இறுதிப் பகுதியில், வழக்கிலிருந்து விலக்குரிமை என்பது வேறு, ஐ.நா.வோ அதன் முகவர்களோ செய்த செயல்களால் விளைந்த சேதத்துக்கு இழப்பீடு என்பது வேறு, பின்னதற்கான பொறுப்பை ஐ.நா. ஏற்க வேண்டி வரலாம், அத்தகைய கோரிக்கைகள் 29-ஆம் பிரிவின் வழியே தீர்க்கப்பட வேண்டும் என்றும் அது சொன்னது. வகுப்பில் இந்தப் பத்தியை நான் இரண்டு முறை படிக்கச் சொல்வது வழக்கம். ஒரு மனிதரைக் காப்பாற்றிய அதே தீர்மானம், காப்பாற்றும் கவசத்தின் விலை என்ன என்பதையும் எழுதி வைத்திருக்கிறது.

அந்த விலையை ஐ.நா. கொடுக்கத் தவறியதற்கு ஹைட்டியைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியாது. 2010 ஜனவரி நிலநடுக்கத்தில் நொறுங்கிப் போயிருந்த அந்த நாட்டில், அதே ஆண்டு அக்டோபரில் காலரா பரவியது. நாட்டின் நடுப்பகுதியில் ஐ.நா. அமைதிப்படையின் நேபாளப் பிரிவு தங்கியிருந்த முகாமிலிருந்து கழிவுநீர் ஓர் ஓடையில் கலந்தது. அந்த ஓடை ஆர்த்திபோனித் ஆற்றில் சேர்கிறது. லட்சக்கணக்கான மக்கள் குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அந்த ஆற்று நீரில்தான். சுமார் 10,000 பேர் இறந்தார்கள், 8 லட்சம் பேர் நோயுற்றார்கள். நோய்க்கிருமியின் மரபணு நேபாளத்தில் அப்போதிருந்த வகையோடு ஒத்திருந்தது. ஐ.நா. அமைத்த வல்லுநர் குழுவினரே முதலில் தயங்கினாலும், 2013-இல் அந்த முகாமே பெரும்பாலும் மூலகாரணம் என்று எழுதினார்கள். 2011 நவம்பரில் பாதிக்கப்பட்ட 5,000 பேர் ஐ.நா.விடம் இழப்பீடு கோரி மனுக் கொடுத்தார்கள். ஓராண்டுக்கும் மேல் கழித்து, 2013 பிப்ரவரியில் பதில் வந்தது: கொள்கை சார்ந்த, அரசியல் சார்ந்த விஷயங்களை மறுஆய்வு செய்ய வேண்டி வரும் என்பதால் மனுவை ஏற்க இயலாது. அதாவது இது தனியார் சட்டத் தன்மை கொண்ட தகராறே அல்ல என்று ஐ.நா. தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டது.

இதை நான் ஒருபோதும் ஏற்க முடியாது. ஒருவருடைய கழிவுநீர் அடுத்தவர் கிணற்றில் இறங்கினால் எழும் வழக்கு, உலகில் எந்த ஊர் முன்சீப் நீதிமன்றத்திலும் சாதாரணமாக நடக்கும் உரிமையியல் வழக்கு. அதைவிடத் தனியார் சட்டத் தன்மை கொண்ட ஒன்றைக் கற்பனை செய்வதே கடினம். மக்கள் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 29-ஆம் பிரிவின் கடமையை மீறியவர் 2-ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்பது அவர்களுடைய வாதம். 2015 ஜனவரியில் கீழ் நீதிமன்றமும், 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை நிராகரித்தன. கடமையை நிறைவேற்றுவது விலக்குரிமைக்கு முன்நிபந்தனை அல்ல என்றன. உடன்படிக்கையின் சொற்களை மட்டும் பார்த்தால் தீர்ப்பு தவறு என்று சொல்ல முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். குறை நீதிமன்றத்திடம் இல்லை, 29-ஆம் பிரிவின்படி கட்டப்பட வேண்டிய கதவைக் கட்டாமல் விட்டவர்களிடம் இருக்கிறது. அமைதிப்படைகளுக்கான மாதிரி ஒப்பந்தத்தில், பாதிக்கப்பட்டவர்களின் கோரிக்கைகளை விசாரிக்க நிலையான உரிமைகோரல் ஆணையம் அமைக்கப்படும் என்று எழுதியிருக்கிறது. அந்த மாதிரி 1990-இல் வந்தது. அப்படியோர் ஆணையம் இதுவரை எந்த நாட்டிலும் அமைக்கப்பட்டதில்லை. 2016 டிசம்பர் 1 அன்று அப்போதைய பொதுச் செயலாளர் பான் கி மூன் ஹைட்டி மக்களிடம், நோய் பரவியபோது நாங்கள் போதுமானதைச் செய்யவில்லை என்ற பொருளில் மன்னிப்புக் கேட்டார். நோயைக் கொண்டுவந்தது யார் என்று சொல்லவில்லை. அறிவிக்கப்பட்ட 40 கோடி டாலர் திட்டம் உறுப்பு நாடுகளின் விருப்ப நன்கொடையை நம்பியிருந்தது. மிகச் சிறு பகுதியே வந்து சேர்ந்தது.

ஐ.நா.வால் பணம் கொடுக்கவே முடியாது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். 1960-களில் காங்கோவில் ஐ.நா. படைகளால் உயிரும் உடைமையும் இழந்த பெல்ஜியக் குடிமக்களுக்காக, 1965-இல் பெல்ஜியத்துடன் உடன்பாடு செய்து 15 லட்சம் டாலர் கொடுத்தது. பின்னால் ஓர் ஐரோப்பிய அரசு நின்று கேட்டது, கிடைத்தது. ஹைட்டி ஏழை விவசாயிக்காகக் கேட்க வலுவான அரசு இல்லை. 1998-இல் பொதுச் சபை, அமைதிப்படை நடவடிக்கைகளில் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய இழப்பீட்டின் உச்ச வரம்பு 50,000 டாலர் என்று தீர்மானமும் நிறைவேற்றியது. வரம்பு வகுக்கும் அளவுக்குக் கடமையை ஏற்றுக்கொண்ட அமைப்பு, கேட்க வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியதுதான் முரண்.

ஐரோப்பாவில் சட்டம் சற்று வேறு பாதையில் போக முயன்றது. 1999-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஒரு விண்வெளி அமைப்பின் பணியாளர் வழக்கில், விலக்குரிமையை ஏற்பதற்கு முன் பாதிக்கப்பட்டவருக்கு நியாயமான மாற்று வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. இது எல்லோருக்கும் பொருந்தும் விதியாக வளரும் என்று என் தலைமுறை வழக்கறிஞர்கள் நம்பினோம். 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டபோது, அந்த ஊரைக் காக்க வேண்டியிருந்த ஐ.நா. டச்சுப் படை கைகட்டி நின்றது. இறந்தவர்களின் தாய்மார் ஐ.நா. மீது தொடுத்த வழக்கில், மாற்று வழி எதுவும் இல்லாவிட்டாலும் ஐ.நா.வின் விலக்குரிமை நிற்கும் என்று 2012-இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றமும் 2013-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றமும் சொல்லிவிட்டன. அந்தத் தாய்மாருக்குக் கிடைத்தது நெதர்லாந்து அரசிடமிருந்து மட்டுமே. அதுவும் முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட 350 பேர் விஷயத்தில், 10 சதவீதப் பொறுப்பு என்று 2019-இல் குறுக்கப்பட்டது.

இந்தியாவோடு நேரடியாகத் தொடர்புள்ள வழக்கு குஜராத்தின் முந்த்ராவில் தொடங்குகிறது. கட்ச் வளைகுடாக் கரையில், ஆண்டின் பெரும்பகுதியைப் பந்தர் எனப்படும் தற்காலிகக் குடியிருப்புகளில் தங்கி மீன்பிடிக்கும் மக்கள் இருக்கிறார்கள். அங்கே டாடா பவரின் துணை நிறுவனம் கட்டிய 4,000 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு, உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2008-இல் 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. குளிர்விக்கப் பயன்பட்ட சூடான நீர் கடலில் விடப்பட்டு மீன்வளம் குறைந்தது, நிலத்தடி நீர் உப்பானது, நிலக்கரித் தூசு கருவாட்டின் மீது படிந்தது என்று அவர்கள் முறையிட்டார்கள். கழகத்தின் சொந்தக் குறைதீர்ப்பு அலுவலகமே, கடன் கொடுக்கும்போது சுற்றுச்சூழல் விதிகளைக் கழகம் சரிவரக் கடைப்பிடிக்கவில்லை என்று 2013-இல் அறிக்கை வெளியிட்டது. ஆனால் அந்த அலுவலகம் இழப்பீடு வழங்க ஆணையிட முடியாது. நர்மதை அணைக்கு எதிரான போராட்டம் உலக வங்கியை உலுக்கிய பிறகு 1993-இல் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவுக்கும் அந்த அதிகாரம் இல்லை. தவறு நடந்தது என்று சொல்வதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும்.

மீனவர்கள் 2015-இல் வாஷிங்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கழகத்தின் தலைமையகம் அங்கே இருக்கிறது. சர்வதேச அமைப்புகளுக்கு அயல்நாட்டு அரசுகளுக்குள்ள அதே விலக்குரிமை உண்டு என்று 1945-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று சொல்கிறது. அந்த ஆண்டில் அரசுகளுக்கு ஏறக்குறைய முழு விலக்குரிமை இருந்தது. ஆனால் 1976-இல் வந்த சட்டம், அரசுகள் வணிகத்தில் ஈடுபட்டால் அந்த வணிகத்துக்காக அவற்றின் மீது வழக்குத் தொடுக்கலாம் என்று மாற்றியது. "அதே விலக்குரிமை" என்றால் 1945-இல் இருந்ததா, இன்று இருப்பதா? கேள்வி இவ்வளவுதான். 2019 பிப்ரவரி 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்ற கணக்கில், இன்று இருப்பதே என்று தீர்ப்பளித்தது. அன்று இங்கே பல செய்திகள், உலக வங்கி மீது இனி யாரும் வழக்குத் தொடுக்கலாம் என்ற தொனியில் எழுதின. அது மிகை. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியதும், தீங்கு விளைந்த செயலின் சாரம் இந்தியாவில் நடந்தது, அமெரிக்காவில் நடந்த வணிகத்தின் அடிப்படையில் எழுந்தது அல்ல என்று 2020-இல் அது தள்ளுபடி செய்யப்பட்டது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. ஏழு ஆண்டுகள் நடத்தி, ஒரு பெரிய சட்டக் கேள்வியில் வென்று, மீனவர்கள் கையில் ஒரு ரூபாயும் இல்லாமல் முடிந்த வழக்கு இது. ஆனாலும் முழு விலக்குரிமை என்ற கோட்டையில் விழுந்த முதல் பெரிய விரிசல் அவர்களால் வந்தது என்பதை மறுக்க முடியாது. சர்வதேச வளர்ச்சி வங்கிகள் கடன் கொடுக்கும்போது இன்று தம் வழக்கறிஞர்களிடம் கேட்கும் கேள்விகளில் முந்த்ராவும் ஒன்று.

குற்றவியல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் சட்டம் தெளிவு. அமைதிப்படை வீரர் செய்யும் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் அவரை அனுப்பிய நாட்டுக்கே உண்டு. 2007-இல் ஹைட்டியில் பாலியல் சுரண்டல் புகாரில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கை வீரர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஐ.நா.வால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். தண்டிப்பது கொழும்பின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு, விலக்குரிமையை ஒழித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். இங்கேதான் இன்றைய நிலைமை என்னைக் கவலைப்பட வைக்கிறது. பாதிக்கப்பட்ட ஏழைகள் ஒரு பக்கம் பொறுப்பைக் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், வலிமை மிக்க அரசுகள் அதே அமைப்புகளைத் தம் உள்நாட்டுச் சட்டங்களால் முடக்குகின்றன. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணையின் கீழ், சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்குத் தொடுநர் மீதும், பின்னர் நீதிபதிகள் மீதும் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. தீர்ப்பு எழுதியதற்காக ஒரு நீதிபதியின் வங்கிக் கணக்கு முடக்கப்படும் காலத்தில் இருக்கிறோம். பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. முகமை தன் எல்லைக்குள் செயல்படுவதைத் தடுத்து 2024 அக்டோபரில் இஸ்ரேல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஐ.நா. அமைப்புகளின் சிறப்புரிமைகளை மதிக்க இஸ்ரேல் கடமைப்பட்டது என்று சர்வதேச நீதிமன்றம் 2025 அக்டோபர் 22 அன்று கருத்துரைத்தது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றத்துக்கு நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா தொடர்ந்து மறுத்ததால், 2019 டிசம்பர் முதல் அது செயலற்றுப் போனது. அதற்கு எந்தச் சட்டத்தையும் மீற வேண்டியிருக்கவில்லை, ஒப்புதல் தராமல் இருந்தாலே போதுமானதாக இருந்தது. விலக்குரிமையை முற்றிலும் அகற்றினால் முந்த்ரா மீனவர் நீதிமன்றத்துக்குள் நுழைவதற்கு முன், இத்தகைய அரசுகள் நுழைந்துவிடும். அதனால்தான் என் வாதம் எப்போதும் 29-ஆம் பிரிவைச் சுற்றியே இருக்கிறது. மூடிய கதவை உடைக்க வேண்டியதில்லை, வாக்களித்த இரண்டாவது கதவைக் கட்ட வேண்டும்.

உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்வதென்றால், விலக்குரிமை உண்டு என்பதும், பொறுப்பு அதனால் அழிவதில்லை என்பதும் உறுதி. மாற்று வழி இல்லாதபோது விலக்குரிமை தளருமா என்பது நாட்டுக்கு நாடு, அமைப்புக்கு அமைப்பு மாறும். ஐ.நா. விஷயத்தில் தளராது என்பதே இன்றைய நிலை, சிறிய அமைப்புகள் விஷயத்தில் ஐரோப்பிய நீதிமன்றங்கள் சில நேரம் கதவைத் திறக்கின்றன. சர்வதேச அமைப்புகளின் பொறுப்பு குறித்து ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2011-இல் வரைந்த விதிகளில் எவ்வளவு நாடுகள் ஏற்கெனவே சட்டமாக ஏற்றுப் பின்பற்றும் வழக்காறு, எவ்வளவு வளர்ச்சிக்கான பரிந்துரை என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த விதிகளை எந்த மன்றத்தில் நிலைநாட்டுவது என்பது இன்னும் கடினமான கேள்வி. ஹேக் நீதிமன்றத்தின் சட்டத்தின் 34-ஆம் உறுப்பின்படி அங்கே வழக்காடக்கூடியவை அரசுகள் மட்டுமே. சர்வதேச அமைப்புகள் தரப்பாக வரும் தகராறுகளைத் தீர்ப்பது பற்றி அதே ஆணையம் 2022 முதல் ஆராய்ந்து வருகிறது, அதில் தனியார் சட்டத் தகராறுகளும் அடங்கும். என் நம்பிக்கை சிறிதளவேனும் அங்கே இருக்கிறது.

உங்கள் கேள்விக்குப் பின்னால் வேலை சார்ந்த சிக்கல் ஏதேனும் இருந்தால் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். ஹைதராபாதுக்கு அருகே பட்டான்செருவில் உள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பணியாளர் வழக்கில், அது அரசமைப்பின் 12-ஆம் உறுப்பு சொல்லும் 'அரசு' அல்ல, அதன் மீது நீதிப்பேராணை (ரிட்) மனு செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்துவிட்டது. எனவே உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவதில் பயனில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஓர் அமைப்பின் இந்திய அலுவலகத்தில் பணியிழந்த ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். அவர் உள்ளூர்த் தொழிலாளர் அலுவலகத்திலும் பிறகு நீதிமன்றத்திலும் ஏழு மாதம் அலைந்திருந்தார், அதற்குள் அமைப்பின் உள் மேல்முறையீட்டுக்கான காலம் முடிந்துவிட்டது. வழக்கின் நியாயம் முழுவதும் அவர் பக்கம் இருந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐ.நா. செயலகப் பணியாளர் என்றால், முடிவு தெரிந்த 60 நாட்களுக்குள் நிர்வாக மறுஆய்வு கேட்க வேண்டும், அதன் பதில் வந்த பிறகு 90 நாட்களுக்குள் 2009 முதல் இயங்கும் தகராறுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். பல சிறப்பு முகமைகளின் பணியாளர்களுக்கு ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதன் கால வரம்புகள் வேறு. ஆலோசகர் என்றோ தனி ஒப்பந்தக்காரர் என்றோ கையெழுத்திட்டிருந்தால் இந்தத் தீர்ப்பாயங்கள் எதுவும் உங்களுக்கு இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியுள்ள நடுவர் மன்றம்தான் வழி. ஆகவே முதலில் ஒப்பந்தத்தை எடுத்து, உங்களை எந்தப் பெயரில் நியமித்திருக்கிறார்கள் என்றும், தகராறு பற்றிய பிரிவு என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். பிறகு அந்த அமைப்புக்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழோ வேறு சட்டத்தின் கீழோ விலக்குரிமை அளிக்கும் அறிவிக்கை இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். நான் இங்கே எழுதியிருப்பது பொதுவான சட்ட நிலை மட்டுமே. அந்த இரண்டு தாள்களைப் பார்க்காமல் உங்கள் விவகாரத்தைப் பற்றி யார் உறுதியாகப் பேசினாலும் நம்ப வேண்டாம், முடிவு உங்கள் கைக்கு வந்த தேதியை மட்டும் இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.